பாபுவின் வகுப்பு

பெற்றோர் தம் மக்களுக்குப் பல செய்திகளைச் சொல்லித் தருகின்றனர். கடவுளைத் தொழக் கற்பிக்கின்றனர். பெரியோரை வணங்கப் பழக்குகின்றனர். நன்றாகப் படிக்கும்படி நாள்தோறும் வற்புறுத்துகின்றனர். ஆனால் பணத்தைப் பற்றிப் பேச வேண்டிய நேரத்தில் பலர் மௌனமாகி விடுகின்றனர். ‘குழந்தைக்கு எதற்கு வீட்டுக் கவலை?’ என்று சிலர் வரவு செலவை மறைக்கின்றனர். ‘படித்தால்தான் நிறையச் சம்பாதிக்கலாம்’ என்ற ஒரு வாக்கியத்தோடு சிலர் நிறுத்திக் கொள்கின்றனர். எதற்காகச் சம்பாதிப்பது, எவ்வழியில் சம்பாதிப்பது, சம்பாதித்தது யாருடையது என்ற கேள்விகள் எழுவதே இல்லை.

நமது சாத்திரங்கள் பொருளைப் பழிக்கவில்லை. அறம், பொருள், இன்பம், வீடு என்ற நான்கு புருஷார்த்தங்களுள் பொருளுக்கும் இடம் உண்டு. தைத்திரீய உபநிஷதத்தில், கல்வி முடித்து வீடு திரும்பும் மாணவனுக்கு ஆசாரியர் கூறும் அறிவுரைகளுள், வாழ்வின் வளத்தைப் புறக்கணிக்கக் கூடாது என்பதும் ஒன்று. அதே மூச்சில் சிரத்தையோடும் அடக்கத்தோடும் கொடுக்க வேண்டும் என்றும் அவர் சொல்கிறார். பொருளுக்கு முன்னே அறத்தை வைத்த வரிசையிலேயே அதன் இலக்கணம் அடங்கியிருக்கிறது. அறத்தின் வழியே வந்து அறத்தின் வழியே செல்லும் பொருளே புருஷார்த்தம். மற்றது வெறும் குவியல்.

இந்த உண்மையை ஒரு தந்தை தம் மகனுக்கு எவ்வாறு கற்பித்தார் என்பதைக் காந்திஜியின் குடும்ப வரலாறு காட்டுகிறது. அவ்வரலாற்றில் வெற்றியும் உண்டு, தோல்வியும் உண்டு. இரண்டையும் மறைக்காமல் அவரே எழுதி வைத்திருப்பதால், இரண்டிலிருந்தும் இல்லறத்தார் கற்றுக்கொள்ள முடிகிறது.

கிழிக்கப்பட்ட காகிதம்

காந்திஜியின் தந்தை கரம்சந்த் காந்தி சமஸ்தானங்களில் திவானாகப் பணிபுரிந்தவர். பதவி இருந்தும் செல்வம் சேர்க்கும் ஆசை அவருக்கு இருந்ததில்லை. குடும்பத்துக்கு அவர் விட்டுச் சென்ற சொத்து மிகக் குறைவு. இதைக் காந்திஜி தம் சுயசரிதையின் தொடக்கத்திலேயே குறிப்பிடுகிறார்.

காந்திஜிக்குப் பதினைந்து வயது இருக்கும்போது அவருடைய அண்ணன் ஒருவருக்குச் சுமார் 25 ரூபாய் கடன் ஏற்பட்டது. அண்ணன் கையில் கனமான தங்கக் காப்பு இருந்தது. அதிலிருந்து சிறிது தங்கத்தை வெட்டி எடுத்து, கடனை அடைத்து விட்டார்கள். கடன் தீர்ந்தது, ஆனால் சிறுவனின் மனத்தில் பாரம் ஏறியது. வாயால் சொல்லத் துணிவு வரவில்லை. செய்த குற்றத்தைக் காகிதத்தில் எழுதி, தண்டனை தருமாறு வேண்டி, இனித் திருடுவதில்லை என்று உறுதியும் கூறி, நோயுற்றுப் படுத்திருந்த தந்தையிடம் கொடுத்தார். தந்தை எழுந்து அமர்ந்து படித்தார். கண்ணீர் வழிந்து காகிதம் நனைந்தது. சிறிது நேரம் கண்களை மூடிச் சிந்தித்தார். பிறகு காகிதத்தைக் கிழித்து விட்டு மீண்டும் படுத்துக் கொண்டார். ஒரு கடுஞ்சொல்லும் அவர் வாயிலிருந்து வரவில்லை.

இங்கே தந்தை வாய் திறந்து எதையும் போதிக்கவில்லை. ஆயினும் பணத்தைப் பற்றி மூன்று பாடங்கள் மகனின் உள்ளத்தில் பதிந்தன. கடன் சிறிதானாலும் மறைவை நாடச் செய்யும். மறைவு திருட்டில் கொண்டு விடும். ஒப்புக்கொள்ளும் துணிவு ஒன்றே அந்தச் சங்கிலியை அறுக்கும். கடன் பட்டதைச் சொல்ல முடியாத வீட்டில்தான் பிள்ளைகள் கள்ளத்தனம் பழகுகிறார்கள். அஞ்சாமல் சொல்ல இடமளிக்கும் பெற்றோர், தாம் அறியாமலேயே நேர்மையைக் கற்பிக்கிறார்கள்.

ஓரணாவும் கணக்கில்

1888-இல் சட்டம் படிக்க லண்டன் சென்றபோது அந்த இளைஞர் ஒரு பழக்கத்தைக் கைக்கொண்டார். வண்டிச் சத்தம், தபால் தலை, செய்தித்தாள் வாங்கிய சில்லறைக் காசு என எதையும் விடாமல் எழுதி, ஒவ்வோர் இரவும் உறங்கும் முன் இருப்பைச் சரி பார்த்தார். செலவைப் பாதியாகக் குறைத்தார். வண்டியில் செல்வதற்குப் பதிலாக நாள்தோறும் எட்டுப் பத்து மைல் நடந்தார். பிற்காலத்தில் பொதுப்பணம் இலட்சக்கணக்கில் தம் கையால் புழங்கியபோதும், தாம் நடத்திய இயக்கங்கள் கடனில் மூழ்காமல் மிச்சத்தோடு நின்றதற்கு இந்தப் பழக்கமே காரணம் என்று அவர் எழுதுகிறார்.

கணக்கு எழுதுவது கஞ்சத்தனம் என்று எண்ணுவோர் உண்டு. கஞ்சன் பணத்தைப் பார்க்கிறான். கணக்கு எழுதுபவன் தன்னைப் பார்க்கிறான். இன்று எதற்குச் செலவு செய்தோம் என்று இரவில் எழுதும்போது, நம் ஆசைகள் எந்தத் திசையில் ஓடுகின்றன என்பது காகிதத்தில் தெரிந்து விடுகிறது. சாதகன் இரவில் செய்யும் ஆத்ம சோதனைக்கும் இதற்கும் நெருங்கிய உறவு உண்டு.

‘நாளை என்ன நேருமோ?’

1901-ஆம் ஆண்டு காந்திஜி தென்னாப்பிரிக்காவை விட்டு இந்தியா புறப்பட்டபோது, அங்குள்ள இந்தியர்கள் பொன்னும் வைரமுமாகப் பரிசுகளைக் குவித்தனர். கஸ்தூர்பாவுக்கென்று 50 கினி மதிப்புள்ள தங்க அட்டிகை ஒன்றும் அவற்றில் இருந்தது. அன்றிரவு காந்திஜிக்கு உறக்கம் வரவில்லை. தொண்டுக்குக் கூலி பெறுவது தகுமா? நகை அணிய வேண்டாம் என்று பிறருக்குச் சொல்லி வந்தவர், தம் வீட்டில் அவற்றை வைத்திருக்கலாமா? எல்லாவற்றையும் சமூகத்தின் நன்மைக்காக ஓர் அறக்கட்டளையாக்குவது என்று முடிவு செய்து, பார்சி ருஸ்தம்ஜி முதலியோரை அறங்காவலர்களாகக் குறித்துக் கடிதம் எழுதினார்.

மறுநாள் பிள்ளைகளிடம் பேசினார். அவர்கள் உடனே இசைந்தனர். தாய் இசையவில்லை. தனக்கு வேண்டாம், பிள்ளைகளுக்கும் வேண்டாம், வரப்போகும் மருமகள்களுக்கு வேண்டாமா, நாளை என்ன நேருமோ யார் அறிவார் என்று அவர் கேட்டார். கணவரின் தொண்டில் தம் உழைப்பும் கலந்திருக்கிறது, இரவும் பகலும் பாடுபட்டது தொண்டாகாதா என்றும் கேட்டார். அந்தக் கேள்விகள் கூர்மையானவை என்றும், சில தம்மைத் தைத்தன என்றும் காந்திஜி ஒப்புக் கொள்கிறார். முடிவில் நகைகள் அறக்கட்டளைக்கே சென்றன.

இந்நிகழ்ச்சியில் தாயை உலோபி என்று கருதுவது பெரும் பிழை. ‘நாளை என்ன நேருமோ’ என்ற கவலை, குடும்பத்தைக் காக்கும் பொறுப்பிலிருந்து பிறந்தது. எல்லா வீட்டிலும் இந்த இரு குரல்களும் இருக்கின்றன. ஒன்று கொடுக்கச் சொல்கிறது, மற்றது காக்கச் சொல்கிறது. பிள்ளைகளுக்கு இரண்டும் கேட்க வேண்டும். இரண்டில் ஒன்றை அடக்கி விட்டு நடக்கும் வீட்டில், பிள்ளைகள் ஊதாரியாகவோ கருமியாகவோ வளர்கின்றனர். தாயின் கேள்விகளை மறைக்காமல் காந்திஜி எழுதி வைத்ததே அவற்றிற்கு அவர் அளித்த மதிப்பைக் காட்டுகிறது.

பின்னர் ஜோகன்னஸ்பர்க்கில் பகவத்கீதையை ஆழ்ந்து கற்கும்போது, அபரிக்ரஹம், சமபாவம் என்ற இரு சொற்கள் அவரைப் பற்றிக் கொண்டன. உடைமையெல்லாம் துறந்தால்தான் அபரிக்ரஹமா? மனைவி மக்களையும் விட்டு விடுவதா? வழக்கறிஞராகக் கற்ற சட்டநூலே அவருக்கு விடை தந்தது. அறங்காவலன் பெரும் சொத்தை ஆள்கிறான். ஆனால் அதில் ஒரு காசையும் தனதென்று கருதுவதில்லை. உடைமை கையில் இருக்கலாம்; ‘எனது’ என்ற எண்ணம் மனத்தில் இருக்கக் கூடாது. கீதையின் அபரிக்ரஹத்தை இல்லறத்தார் கடைப்பிடிக்கும் வழி இதுவே என்று அவர் தெளிந்தார். ஈசாவாஸ்ய உபநிஷதத்தின் முதல் மந்திரம் கூறுவதும், அனைத்தும் இறைவனுடையது என்று உணர்ந்து துறவு மனத்தோடு அனுபவிப்பதையே அன்றோ!

சிறையிலிருந்து வந்த பாடத்திட்டம்

1904-இல் காந்திஜி டர்பன் நகருக்கு அருகே ஃபீனிக்ஸ் என்ற இடத்தில் நூறு ஏக்கர் நிலத்தில் ஒரு குடியிருப்பை நிறுவினார். அங்கே பத்திரிகை அச்சடிப்பவரும் எழுதுபவரும் நிலத்தை உழுபவரும் ஒரே நிலையில் வாழ்ந்தனர். நிறமோ நாடோ பாராமல் ஒவ்வொருவருக்கும் மாதம் 3 பவுன் என்பதே ஏற்பாடு. வழக்கறிஞரின் வேலைக்கும் முடி திருத்துபவரின் வேலைக்கும் மதிப்பு ஒன்றே என்ற கருத்தை ரஸ்கினின் நூலிலிருந்து பெற்ற காந்திஜி, அதை நடைமுறையில் சோதித்த இடம் இது.

1909-ஆம் ஆண்டு சத்தியாகிரகத்தின் காரணமாக அவர் பிரிட்டோரியா சிறையில் இருந்தார். மாதம் ஒரு கடிதம் எழுதவே அனுமதி. நண்பர்களுக்கு எழுதலாமா, மகனுக்கு எழுதலாமா என்று சிந்தித்து, மகன் மணிலாலுக்கு எழுதுவதென்று முடிவு செய்தார். மார்ச் 25 தேதியிட்ட அக்கடிதம் கிடைத்தபோது மணிலாலுக்கு வயது பதினாறு. அவர் முறையான பள்ளியில் பயிலவில்லை. தாய் கடும் நோயிலிருந்து மெல்ல மீண்டு வந்த காலம் அது. தம்பியர் ராம்தாஸும் தேவதாஸும் சிறுவர்கள். அண்ணன் ஹரிலாலும் போராட்டத்தில் இறங்கியிருந்ததால், வீட்டுச் சுமை மணிலாலின் தோளில் விழுந்திருந்தது.

அக்கடிதத்தின் கருத்துகளைப் பாடங்களாக வகுத்துக் காணலாம்.

முதலாவது, கல்வி என்பது எழுத்தறிவு மட்டுமன்று. ஒழுக்கத்தை உருவாக்குவதும் கடமையை அறிவதுமே கல்வி. அவ்வாறாயின் நோயுற்ற தாய்க்குப் பணிவிடை செய்து, அண்ணியின் மனம் நோகாமல் பார்த்துக்கொண்டு, தம்பியருக்குக் காவலாய் இருக்கும் மணிலால் சிறந்த கல்வியையே பெற்று வருகிறார் என்று தந்தை ஆறுதல் கூறுகிறார். ஊதியம் இல்லாத வேலையும் வேலையே. உண்மையில் அதுவே முதல் வேலை என்பது இதன் பொருள்.

இரண்டாவது, இனி நம் பங்கு எளிமையே என்று மகனிடம் ஒளிவு மறைவின்றிச் சொல்லி விடுகிறார். செல்வத்தை விட வறுமையின் பயன்கள் இனிமையானவை என்பது அவர் கண்ட முடிவு. பரம்பரைச் சொத்தை எதிர்பார்த்து மகன் காத்திருக்க வேண்டியதில்லை. இது கசப்பான செய்தி. ஆயினும் உரிய காலத்தில் சொல்லப்பட்டது. வீட்டின் உண்மை நிலையை அறியாமல் வளரும் பிள்ளை, பின்னாளில் அதை அறியும்போது ஏமாற்றப்பட்டதாகவே உணர்கிறான்.

மூன்றாவது, வீட்டுக்காகச் செலவாகும் ஒவ்வொரு காசுக்கும் கணக்கு வைக்க வேண்டும் என்கிறார். லண்டனில் தாம் பழகியதையே மகனிடம் ஒப்படைக்கிறார். எளிமையாக வாழ்வோருக்குக் கணக்கு எதற்கு என்று அவர் எண்ணவில்லை. பணம் குறைவாக இருக்கும் இடத்தில்தான் கணக்கு இன்னும் தேவை.

நான்காவது, தோட்ட வேலை. மண்ணைத் தோண்டுவது, கொத்துவது என்று மெய்வருந்தும் வேலையில் நன்றாக ஈடுபட வேண்டும். வருங்காலத்தில் அதைக் கொண்டே வாழ வேண்டியிருக்கும். குடும்பத்தில் கைதேர்ந்த தோட்டக்காரன் மணிலாலாக இருக்க வேண்டும். கருவிகளைத் துலக்கித் தூய்மையாக, அததற்குரிய இடத்தில் வைக்க வேண்டும். இத்துடன் கணிதத்திலும் சம்ஸ்கிருதத்திலும் கருத்தூன்றுமாறும் சொல்கிறார். மண்வெட்டியும் சம்ஸ்கிருதமும் ஒரே பாடத்திட்டத்தில் அருகருகே அமர்ந்திருப்பது சிந்திக்கத் தக்கது.

கருவியைத் துடைத்து வைக்கச் சொன்னது சிறு செய்தியாகத் தோன்றலாம். கர்மயோகத்தின் நுழைவாயிலே அதுதான். வேலையின் பயன் நம் கையில் இல்லை. விளைச்சல் மழையைப் பொறுத்தது, விலை சந்தையைப் பொறுத்தது. ஆனால் கருவியின் தூய்மை முழுவதும் நம் கையில் உள்ளது. தன் வசத்தில் உள்ளதை முழுமையாகச் செய்து விட்டு, தன் வசத்தில் இல்லாததை இறைவனிடம் விடுவதற்கு இதைவிட எளிய பயிற்சி வேறென்ன? கீதையின் மூன்றாம் அத்தியாயம், பெற்றதற்கு ஈடாக எதையும் அளிக்காமல் உண்பவனைத் திருடன் என்று கூறுகிறது. உணவுக்கு ஈடாக உடலுழைப்பு என்ற வேள்வியைச் செய்ய வேண்டும் என்று காந்திஜி அதற்குப் பொருள் கண்டார்.

அதே ஆண்டில் எழுதிய மற்றொரு கடிதத்தில் மகனின் மனக்குறையைத் தந்தை தொடுகிறார். ‘எந்த வகுப்பில் படிக்கிறாய்?’ என்று யாராவது கேட்டால் மணிலாலுக்கு விடை சொல்லத் தெரியவில்லை. மனம் குன்றி விடுகிறது. இனிமேல் யாராவது கேட்டால் பாபுவின் வகுப்பில் படிப்பதாகச் சொல்லி விடு என்று காந்திஜி எழுதினார். பிழைப்புக்காகப் படிக்க வேண்டும் என்ற கவலை வேண்டாம். உடல் உழைப்பாலும் உண்டு வாழலாம் என்றும் தேற்றினார்.

அண்ணனுக்கு அனுப்பிய பணம்

பாபுவின் வகுப்பில் தேர்வும் உண்டு. 1916-ஆம் ஆண்டு குடும்பம் அகமதாபாத் ஆசிரமத்தில் இருந்தது. ஆசிரமத்துக்குரிய சில நூறு ரூபாய் மணிலாலின் பொறுப்பில் இருந்தது. கல்கத்தாவில் தொழில் செய்யப் போராடிக் கொண்டிருந்த அண்ணன் ஹரிலால் துன்பப்படுவதை அறிந்து, அப்பணத்தைக் கடனாக அவருக்கு அனுப்பி விட்டார். அண்ணன் அனுப்பிய ரசீது தற்செயலாகத் தந்தையின் கையில் கிடைத்தது.

காந்திஜி மகனை ஆசிரமத்திலிருந்து வெளியேறச் சொன்னார். நூற்பும் நெசவும் கற்றுத் தன் கைகளால் பிழைக்க வேண்டும். காந்தி என்ற பெயரைப் பயன்படுத்தக் கூடாது என்பது நிபந்தனை. தாம் உண்ணாநோன்பு இருக்கவும் எண்ணினார். மகன் இரவெல்லாம் அழுது வேண்டியதால் அதைக் கைவிட்டார். தாயும் தம்பி தேவதாஸும் விம்மி அழ, இரயில் கட்டணமும் அதற்கு மேல் சிறிது பணமும் மட்டும் பெற்றுக்கொண்டு மணிலால் புறப்பட்டார். பிற்பாடு தந்தையே சென்னைப் பதிப்பாளர் ஜி. ஏ. நடேசனுக்கு ஓர் அறிமுகக் கடிதம் கொடுத்து உதவினார்.

படிப்போர் மனத்தில் இங்கே ஒரு கேள்வி எழும். தங்கத்தைத் திருடிய மகனுக்காகக் கண்ணீர் விட்டுக் காகிதத்தைக் கிழித்த கரம்சந்தின் மகனா, அண்ணனுக்கு உதவிய பிள்ளையை வீட்டை விட்டு அனுப்பினார்?

இரு நிகழ்ச்சிகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால் சில வேறுபாடுகள் புலப்படும். முதலாவதில் குற்றம் செய்தவர் தாமே முன்வந்து ஒப்புக்கொண்டார். இரண்டாவதில் ரசீது வழியே அது வெளிப்பட்டது. முதலாவதில் வெட்டப்பட்டது குடும்பத்தின் தங்கம். இரண்டாவதில் எடுக்கப்பட்டது ஊராரின் பணம். அண்ணன் மீது கொண்ட அன்பு உயர்ந்ததே. ஆனால் பிறர் பொருளைக் கொண்டு காட்டும் அன்புக்கு விலை கொடுப்பவர் வேறொருவர். தன் உணவில் பாதியைத் தம்பி தரலாம். பொது உண்டியிலிருந்து ஒரு பிடியும் தர முடியாது. அறங்காவலன் என்ற சொல்லின் முழுக் கனமும் இங்கேதான் தெரிகிறது.

இவ்வளவு சொன்ன பிறகும், அத்தண்டனை கடுமையானது என்பதை மறுக்க முடியாது. வழி தவறிய மகனைத் திருத்துவதற்குக் கிழிக்கப்பட்ட காகிதமா, கையில் கொடுத்த இரயில் கட்டணமா, எது பயன்படும் என்பதை எந்தச் சூத்திரமும் சொல்லாது. மகனை அறிந்த தந்தையே அதை முடிவு செய்ய வேண்டும். அம்முடிவின் சுமையையும் அவரே தாங்க வேண்டும்.

மணிலால் மனம் கசந்து போகவில்லை. 1917-இல் ஃபீனிக்ஸ் திரும்பினார். ஒரு காலத்தில் தமிழ் உட்பட நான்கு மொழிகளில் வெளிவந்த ‘இந்தியன் ஒப்பீனியன்’ இதழின் ஆசிரியப் பொறுப்பை 1920-இல் ஏற்று, 1956-இல் மறையும் வரை அதைச் சுமந்தார். 1930-இல் தண்டி யாத்திரையில் தந்தையோடு நடந்த தொண்டர்களுள் அவரும் ஒருவர். தென்னாப்பிரிக்காவிலும் இந்தியாவிலும் சிறை சென்றார். பெரும் பொருள் சேர்க்கவில்லை. பொறுப்பில் வந்ததைக் கைவிடவும் இல்லை.

ஏற்றுக்கொள்ளாத மகன்

அதே தந்தையின் அதே போதனை மூத்த மகன் ஹரிலாலுக்குப் பொருந்தவில்லை. அவர் முறையான கல்வியை விரும்பினார். 1911-இல் தந்தையைப் பிரிந்து இந்தியா வந்தார். தேர்விலும் தோற்றார், தொழிலிலும் தோற்றார், கடன்பட்டார், தீய பழக்கங்களுக்கு ஆளானார். 1925-இல், ஹரிலாலின் பெயர் தொடர்புடைய ஒரு நிறுவனத்தில் பணம் போட்டவர் சார்பில் கேள்வி எழுந்தபோது, காந்திஜி தம் இதழிலேயே வெளிப்படையாக விடையளித்தார். மகனின் தொழிலோடு தமக்குத் தொடர்பில்லை என்று கூறியதோடு, பெரிய பெயர்களைக் கண்டு மயங்கி முதலீடு செய்யக் கூடாது என்றும் மக்களை எச்சரித்தார். தந்தை மறைந்த அதே 1948-ஆம் ஆண்டின் ஜூன் மாதத்தில் ஹரிலாலும் மறைந்தார்.

பிள்ளைகளுக்கு முறையான கல்வி அளிக்காததைப் பற்றிக் காந்திஜி சுயசரிதையில் எழுதும்போது, தம் புதல்வர்கள் மனக்குறைப்பட ஓரளவு காரணம் உண்டு என்றும், அவ்வளவுக்குத் தாம் குற்றத்தை ஏற்பதாகவும் கூறுகிறார். இது எல்லாப் பெற்றோரும் மனத்தில் கொள்ள வேண்டிய இடம். துறவு தந்தையின் அனுபவத்தில் கனிந்த பழம். மகனுக்கோ அது பிறர் கையால் பறித்துக் கொடுத்த காய். பசியை அறிந்து விருப்பத்தோடு நோன்பு இருப்பது வேறு. உணவு மறுக்கப்படுவது வேறு. அதனால்தான் கீதை அவரவர் இயல்பையும் ஸ்வதர்மத்தையும் இவ்வளவு வலியுறுத்துகிறது. நல்ல விதையே ஆனாலும் நிலத்தைப் பார்த்து விதைக்க வேண்டும்.

இல்லறத்தார் கைக்கொள்ளத்தக்கவை

காந்திஜி தாம் எடுத்திருந்த 10,000 ரூபாய் ஆயுள் காப்பீட்டைக் கைவிட்டார். மனைவி மக்களின் தன்னம்பிக்கையை அது பறிக்கிறது என்று கருதினார். அவருக்குப் பின்னே ஃபீனிக்ஸ் போன்ற ஒரு குடும்பம் இருந்தது. இன்று தனியே வாழும் இல்லறத்தார் அதை அப்படியே பின்பற்ற வேண்டியதில்லை. தம்மை நம்பியோரைக் காப்பது அவர்களின் தருமம். கஸ்தூர்பா கேட்ட கேள்வியும் அதுவே. செயலை நகல் எடுப்பதால் பயனில்லை. அதன் உட்பொருளைக் கொள்ள வேண்டும். அவ்வகையில் சிலவற்றைக் கூறலாம்.

1. வீட்டின் வரவு செலவை வயதுக்கேற்றபடி பிள்ளைகளுக்குத் தெரிவிக்க வேண்டும். பத்து வயதுப் பிள்ளையிடம் ஒரு மாதத்தின் காய்கறிக் கணக்கையாவது எழுதக் கொடுக்கலாம். ‘அது நம்மால் வாங்க முடியாது’ என்று சொல்வதில் இழிவு ஒன்றுமில்லை.

2. சம்பளம் இல்லாத வேலை ஒன்று ஒவ்வொரு பிள்ளைக்கும் இருக்க வேண்டும். முதியோருக்கு மருந்து எடுத்துக் கொடுப்பது, தாம் உண்ட தட்டைக் கழுவுவது, செடிக்கு நீர் ஊற்றுவது எதுவானாலும் சரி. அதற்குக் காசு கொடுத்துப் பழக்கினால் தொண்டும் வியாபாரமாகி விடும்.

3. தன் பணம், வீட்டுப் பணம், பிறர் பணம் என்ற மூன்றும் கலக்கக் கூடாது. பள்ளி நிதிக்காகத் திரட்டிய தொகை ஓரிரவு வீட்டில் இருந்தாலும் அதைத் தனியே வைக்கும் தந்தை, அறங்காவலனின் இலக்கணத்தைக் காட்டி விடுகிறார்.

4. கடன் பட்டாலோ தவறு செய்தாலோ உடனே வந்து சொல்லலாம் என்ற நம்பிக்கை பிள்ளைக்கு இருக்க வேண்டும். முதல் முறை சொல்லும்போது பெற்றோர் காட்டும் முகமே, இரண்டாம் முறை சொல்வானா மறைப்பானா என்பதை முடிவு செய்கிறது.

5. எந்த வேலையையும் இழிவாகப் பேசக் கூடாது. ‘படிக்காவிட்டால் மூட்டை தூக்கத்தான் போவாய்’ என்று சொல்லும் வீட்டில், பிள்ளை கல்வியின் பெருமையைக் கற்பதில்லை. மூட்டை தூக்குபவரை அவமதிக்கவே கற்கிறது.

6. கொடுப்பதும் காப்பதும் இரு கைகள் போன்றவை. மாதந்தோறும் ஒரு சிறு பகுதி சேமிப்பாகவும், ஒரு சிறு பகுதி தருமமாகவும் ஒதுக்கப்படுவதைப் பிள்ளைகள் கண்ணால் காண வேண்டும்.

7. பிள்ளையின் இயல்பைக் கேட்டறிய வேண்டும். பெற்றோரின் இலட்சியம் எவ்வளவு உயர்ந்ததாயினும், அது பிள்ளையின் உள்ளத்தில் தானாக வேர் விடும் வரை பொறுத்திருப்பதும் தவமே.

‘எந்த வகுப்பில் படிக்கிறாய்?’ என்ற கேள்வியை நம் பிள்ளைகள் தினமும் எதிர்கொள்கின்றனர். பள்ளியில் அவர்கள் எந்த வகுப்பில் இருந்தாலும், வீட்டில் பெற்றோரின் வகுப்பிலும் ஒவ்வொரு நாளும் அமர்ந்திருக்கின்றனர். அங்கே பாடநூல் கிடையாது. கடைக்காரர் தவறிக் கூடுதலாகக் கொடுத்த சில்லறையைத் திருப்பித் தரும் தாயும், வேலை முடிந்ததும் கருவியைத் துடைத்து வைக்கும் தந்தையுமே பாடம். அவ்வகுப்புக்கு விடுமுறையும் இல்லை.

சிந்தனைக்குச் சில கேள்விகள்

அ. உடைமை கையில் இருந்தும் ‘எனது’ என்ற எண்ணம் இல்லாமல் இருப்பது எப்படி? அறங்காவலன் என்ற கருத்து இதற்கு எவ்வாறு உதவுகிறது?

ஆ. கஸ்தூர்பா எழுப்பிய கேள்விகளுக்கு உங்கள் இல்லத்தில் என்ன விடை கூறுவீர்கள்?

இ. கரம்சந்த் காகிதத்தைக் கிழித்ததையும், காந்திஜி மகனை வெளியே அனுப்பியதையும் ஒப்பிடுக. உங்கள் பிள்ளையிடம் எது பயன் தரும்? ஏன்?

ஈ. இந்த வாரம் உங்கள் பிள்ளை உங்களிடமிருந்து பணத்தைப் பற்றிக் கற்றது என்ன?